தலை நோன்புக்கு வெள்ளிச் சீர்: எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: மகளுக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. இந்த வரலட்சுமி நோன்புதான் அவளுக்குத் தலை நோன்பு. சம்பந்தி வீட்டில் மாமியார்தான் மருமகளுக்கு நோன்பை எடுத்துக்கொடுத்து, அதாவது முதல் முறை தொடங்கி வைத்து, செய்வது வழக்கம். நாங்கள் வெள்ளியில் அம்மன் முகம், சொம்பு, ஜோடி குத்துவிளக்கு, தட்டு, பஞ்சபாத்திரம் வாங்கிக் கொடுக்க நினைக்கிறோம். கடையில் எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் சொன்னார்கள். கையில் 60,000 இருக்கிறது. வங்கியில் 2,00,000 ரூபாய் எஃப்.டி. இருக்கிறது, வட்டி 7%. இரண்டு வருட டெபாசிட்டில் இன்னும் 4 மாதம் பாக்கி. அதை உடைக்கலாமா? நகையை அடகு வைக்கலாமா? தெருவில் போடும் 2,00,000 ரூபாய் ஏலச் சீட்டில் 40,000 தள்ளினால், அதாவது அவ்வளவு விட்டுக்கொடுத்தால், இப்போதே எடுக்கலாம் என்கிறார்கள். கணவருக்கு மாதம் 24,000 ரூபாய் பென்ஷன். என் கல்யாணத்து வெள்ளித் தட்டு ஒன்று பரணில் இருக்கிறது, அதைப் போட்டு மாற்றலாமா?
- கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, முதலில் அந்தச் சீட்டை விடுங்கள். உங்களுக்குக் குறைவது 1,20,000. அதற்காக 40,000 தள்ளுவதா? தள்ளியதில் ஒரு பங்கு கழிவாக உங்களுக்கே திரும்பி வரும் என்று சொல்வார்கள். வரும்தான், கொஞ்சம். மீதி போனது போனதுதான். தெருச் சீட்டு பெரும்பாலும் பதிவு செய்யப்படாதது என்பது தனி வயிற்றெரிச்சல்.

எஃப்.டி.யை உடைப்பதும் வேண்டாம். முதிர்வுக்கு முன் எடுத்தால் பல வங்கிகள் வட்டியில் 1% வரை குறைக்கும். கழிந்த 20 மாதத்துக்கும் சேர்த்து அந்தக் குறைப்பு விழுவதால் சுமார் 3,300 ரூபாய் போய்விடும். நீங்கள் செலவழிக்கும் 1,20,000க்கு மீதி 4 மாதம் வந்திருக்க வேண்டிய வட்டி 2,800. ஆக 6,100 நஷ்டம். அதே எஃப்.டி.யின் மேல் கடன் வாங்கினால்? பொதுவாக டெபாசிட்டில் 90% வரை தருவார்கள். வட்டி எஃப்.டி. வட்டியை விட ஒன்றோ இரண்டோ சதவீதம் கூடுதல். 8% என்று வைத்தால் 1,20,000க்கு 4 மாத வட்டி 3,200 ரூபாய். டெபாசிட்டுக்கு 7% பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். முதிர்ந்ததும் கடனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள்.

வங்கி நகைக் கடன் இதைவிடச் சில நூறு ரூபாய்தான் கூட ஆகும், பெரிய வித்தியாசம் இல்லை. ஆனாலும் நோன்பு அன்று அம்மனுக்குச் சாத்தும் நகையே லாக்கருக்குப் போய்விட்டால் என்ன அழகு?

சரி, கடன் எங்கே வாங்குவது என்பது இதோடு முடிந்தது. எனக்கு உறுத்துவது உங்கள் பட்டியல்தான். ஆவணியில் நோன்பு முடிந்தால் ஐப்பசியில் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு வேட்டி, மோதிரம், வருகிறவர்களுக்கு விருந்து. எஃப்.டி. முதிர்வதோ அதற்கும் பிறகு. அந்த 90%, அதாவது 1,80,000 ரூபாய், இரண்டுக்கும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும். நோன்புக்கே 1,20,000 எடுத்துவிட்டால் தீபாவளிக்கு 60,000தான் மிச்சம். உங்கள் கடிதத்தில் தீபாவளி பற்றி ஒரு வரி கூட இல்லை.

நோன்புக்கு உண்மையில் வேண்டியது கலசமும் முகமும். அரிசி நிரப்பிய சொம்பு, மாவிலை, மஞ்சள் பூசிய தேங்காய், ஒன்பது முடிச்சுப் போட்ட சரடு, கொழுக்கட்டை. சொம்பில் சுண்ணாம்பு தடவி மையால் அம்மன் முகம் எழுதிப் பூஜை செய்த வீடுகள் எத்தனையோ உண்டு. ஆகவே முகமும் சொம்பும் பஞ்சபாத்திரமும் வெள்ளியில் வாங்குங்கள். குத்துவிளக்கு பித்தளையே போதும், நாச்சியார்கோவில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது! வெள்ளி விளக்குக்கு மட்டும் 70,000 ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மிச்சம்.

பரணில் இருக்கும் தட்டை மாற்றவே மாற்றாதீர்கள். பழைய வெள்ளிக்குக் கழிவு பிடிப்பார்கள். புதுசுக்குச் செய்கூலி, அதற்கு மேல் 3% ஜி.எஸ்.டி. கை மாறும்போதே பணம் கரையும். பாலிஷ் போட்டு அப்படியே மகளிடம் கொடுங்கள். அம்மா கல்யாணத்துத் தட்டு என்றால் எந்தச் சம்பந்தி குறை சொல்வார்? புதுத் தட்டுக்கு 20,000 என்றால் அதுவும் மிச்சம். இப்போது மொத்தச் செலவு 90,000. கடன் 30,000தான், 4 மாத வட்டி 800 ரூபாய்.

முகம் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். கல் பதித்த முகத்தில் கல்லும் உள்ளே அரக்கும் எடையில் சேரும், விற்கப் போனால் கழித்துவிடுவார்கள். கல் இல்லாத முகமாகப் பார்த்து, 925 போலத் தரம் குறித்த ஹால்மார்க்குடன் வாங்குங்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, அதனால் கேட்டால்தான் காட்டுவார்கள். பில்லில் எடை, தரம், செய்கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். இதை முதலீடு என்று மனதில் வைக்காதீர்கள். நோன்புக்கு மறுநாள் சனிக்கிழமை புனர்பூஜை முடிந்ததும் அரிசிப் பானைக்குள் போகிற அம்மன் அவள், திரும்பக் கடைக்குப் போகப் போவதில்லை.

கடைக்குக் கிளம்புவதற்கு முன் சம்பந்தியம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். எடுத்துக்கொடுக்கும் வழக்கம் உள்ள வீட்டில் மாமியாரே மருமகளுக்கென்று ஒரு முகம் வைத்திருப்பதும் உண்டு. அப்படி இருந்தால் இந்தக் கடனே வேண்டியிருக்காது.

வேண்டியிருந்தால், ஓவர்டிராஃப்டாகக் கேளுங்கள். எடுத்த தொகைக்கு, எடுத்த நாளிலிருந்துதான் வட்டி. எஃப்.டி. இருவர் பெயரிலும் இருந்தால் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள், அதனால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியே, முதிர்வில் தானாகப் புதுப்பிக்க வேண்டாம் என்றும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.