பள்ளியும் பல்லியும்

ஐயா, என் மகள் பெங்களூரில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறாள். ஊரிலிருக்கும் தாத்தாவுக்குத் தமிழில் செய்தி அனுப்ப ஆசைப்படுகிறாள். கொரிய எழுத்தைப்போல ஒலியின் கூறுகளுக்குக் குறி வைத்து, ஆங்கில எழுத்துகளால் ஒரு முறை அமைத்து வருகிறேன். சின்ன எல் ல, பெரிய எல் ள. தகரமும் டகரமும் அப்படியே. க, ச, ட, த, ப கனிந்து ஒலிப்பதை எப்படிக் காட்டுவது?
ஆர்., பெங்களூரு

அன்புள்ள ஆர்.,

மகளுக்காக இவ்வளவு மெனக்கெடும் அப்பாவைத் திட்ட மனம் வரவில்லை. ஆனாலும் திட்டத்தான் வேண்டும்.

கனிவுக்குக் குறியே வேண்டாம். காக்கை, தங்கம், பகல்: ககரம் எப்படி ஒலிக்கும் என்பதை நிற்கும் இடமே சொல்லிவிடும். விடுங்கள்.

உறுத்துவது அந்தப் பெரிய எழுத்து. வாக்கியத்தின் முதலெழுத்தைக் கைப்பேசி தானாகவே பெரிதாக்கும். குழந்தை ஆசையாகத் 'தாத்தா' என்று தொடங்குவாள், போய்ச் சேர்வது 'டாத்தா'. பெயர்ப்பலகையில் எல்லாமே பெரிய எழுத்து. அங்கே பல்லியும் பள்ளிதான். தேடினாலும் இரண்டும் சேர்ந்தே வரும். தானாக மாறுகிற ஒன்றின்மேல் பொருளை ஏற்றலாமா?

செஜோங் மன்னர் 1443இல் அமைத்த கொரிய எழுத்தைப் பாருங்கள். 'ந' ஒலிக்கான எழுத்தின்மேல் ஒரு கோடு ஏற்றினால் தகரம், இன்னொன்று ஏற்றினால் மூச்சு மிகுந்த தகரம். அந்தக் கோடு கையால் போட்டால்தான் உண்டு, தானாக வராது.

உங்களுக்கும் அப்படி ஒரு குறி வேண்டும். எச் ஆகாது, நம்மவர்கள் அதைத் தகரம், சகரம், ழகரம் மூன்றுக்கும் போட்டுப் பழகிவிட்டார்கள். எக்ஸ் சும்மா கிடக்கிறது. 'நாக்கை வளை' என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கட்டும். 'எல்'லுக்குப் பின் வந்தால் ள, 'என்'னுக்குப் பின் ண, 'ஆர்'க்குப் பின் ழ, தகரத்துக்குப் பின் ட. இரட்டிக்கும்போது குறி ஒருமுறை போதும்: பள்ளிக்கு எல், எல், எக்ஸ். 'ண்ட'வுக்கும் கடைசியில் ஒரே எக்ஸ். டகரத்துக்கு முன்னால் வேறு மூக்கொலி வராது. றகரத்துக்குத் தகரத்தோடு க்யூ.

ந, ன இரண்டுக்கும் ஓர் எழுத்தே போதும். சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் ன. முந்நூறு, முன்னூறு போன்ற இடங்களில்தான் சிக்கும். அங்கே மட்டும் னகரத்துக்கு க்யூ சேர்க்கலாம். நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டியுங்கள்.

ட, ண, ள மகளுக்குக் கன்னடத்திலேயே பழக்கம். ழ மட்டும் பழங்கன்னடத்தோடு போய்விட்டது, அதில் நேரம் செலவிடுங்கள். மனம், மணம், வலி, வளி, வழி. இவற்றை அவள் எழுதி அனுப்பட்டும், தாத்தா தொலைபேசியில் உரக்கப் படிக்கட்டும். அவர் தடுமாறுகிற இடத்தைத் திருத்துங்கள்.