வங்கி பொலிஸைக் காட்டுகிறது, பொலிஸ் வங்கியைக் காட்டுகிறது

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வட்ஸ்அப்பில் வந்த 'வீட்டிலிருந்தே வேலை'யை நம்பி, தம்பி நாலு தடவையாக 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபா அனுப்பிவிட்டாராம். வங்கி பொலிஸுக்குப் போகச் சொல்கிறது, பொலிஸ் வங்கிக்குப் போகச் சொல்கிறது. இதற்கிடையில், "கொழும்பில எனக்கு ஆள் இருக்கு, 15 ஆயிரம் தந்தால் எடுத்துத் தாறன்" என்று ஒருவர் வீட்டுக்கே வந்திருக்கிறார்.

அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படி இரண்டாம் தடவையும் ஏமாந்த பிறகுதான் வருகிறார்கள். பணத்தை மீட்டுத் தருவதாகப் புதிதாக வட்ஸ்அப்பில் வருகிறவர், பல சமயம் முதலில் பறித்த அதே கூட்டமாகவே இருக்கும்.

வங்கிக்கு வாயால் சொன்னது போதாது. அனுப்பிய திகதி, நேரம், தொகை, போய்ச் சேர்ந்த கணக்கு இலக்கம் எல்லாவற்றையும் எழுதி முகாமையாளரிடம் கொடுங்கள். பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை வாங்குங்கள். பணம் நொடியில் போய், அடுத்த நிமிடமே வேறு கணக்குக்கு மாறிவிடும். அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அப்புறம் பொலிஸ். "இது கம்பியூட்டர் விஷயம், கொழும்புக்குப் போங்க" என்பார்கள். ஏமாற்றுதல் தண்டனைச் சட்டக்கோவையிலேயே உள்ள குற்றம். உங்கள் ஊர் நிலையமே முறைப்பாட்டைப் பதியலாம். மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் போங்கள். தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, 'இதில ஒரு கையெழுத்து' என்று நீட்டினால் வைக்காதீர்கள். தமிழ் அரசகரும மொழியாகி முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்னும் அம்பாறைப் பக்கம் நிலையத்துக்குப் போகிறவர் மொழிபெயர்க்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது! வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகையும் கணக்கு இலக்கமும் சரியா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். தொடக்கத்தில் தம்பிக்கு 'கொமிஷன்' என்று ஆயிரம், இரண்டாயிரம் வந்ததா? வந்திருந்தால் அது பெரும்பாலும் இன்னொரு ஏமாந்தவரின் பணம். நாளைக்கு அந்த மனிதர் முறைப்பாடு செய்தால், அதில் இருக்கப்போவது உங்கள் தம்பியின் கணக்கு இலக்கம். விசாரணைக்கு அழைக்கப்படுவதும் அவர்தான். வெட்கப்பட்டு மறைக்காமல், எந்தத் திகதியில் எவ்வளவு வந்தது என்பதையும் முறைப்பாட்டிலேயே எழுதுவியுங்கள். தம்பி தன் ஏ.டி.எம். அட்டையையோ சிம்மையோ யாரிடமாவது கொடுத்திருந்தால் அது வேறு கதை; அவருடைய கணக்கு வழியாக மற்றவர்களிடம் பறித்த பணமும் போயிருக்கலாம். அப்படியென்றால் பொலிஸுக்குப் போகுமுன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

வட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். 'போனதை நினைச்சால் வயிறு எரியுது' என்று அம்மா அழிக்கச் சொன்னாலும் வேண்டாம்.