ஸ்டாலின்கிராட்: பனியும் டன் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரின் திருப்புமுனைகள் பற்றிய உங்கள் தொடரில் ஸ்டாலின்கிராட் பகுதியை வாசித்தேன். மூன்று சந்தேகங்கள். நெப்போலியனைத் தோற்கடித்த ரஷ்யப் பனிதான் ஹிட்லரையும் தோற்கடித்தது என்று பள்ளி நாட்களிலிருந்து கேட்டு வருகிறேன். நீங்கள் பனியை இரண்டு வரிகளில் கடந்துவிட்டீர்கள், ஏன்? அடுத்தது, சூழப்பட்ட ஒரு படைக்கு விமானத்தில் உணவு கொண்டுபோவது அவ்வளவு நடக்காத காரியமா? ஆறே வருடத்தில், சோவியத் முற்றுகையிட்ட மேற்கு பெர்லின் முழுவதற்கும் அமெரிக்கர்கள் அப்படித்தானே சோறு போட்டார்கள்? கடைசியாக, ஜெர்மானியத் தளபதி பவுலஸ் ஹிட்லரின் பேச்சை மீறி வெளியேறியிருந்தால் அங்கே செத்த 91,000 பேரும் பிழைத்திருப்பார்களா?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

பனியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த விளக்கத்தின் மேல் எனக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. பனி அங்கே ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தேதிகளைப் பாருங்கள். சோவியத் எதிர்த்தாக்குதல் 1942 நவம்பர் 19 காலை 7.30க்குத் தொடங்கியது. வடக்கே சுமார் 3,500 பீரங்கிகளும் மோர்ட்டார்களும் மூடுபனிக்குள் 80 நிமிடம் சுட்டன. மறுநாள் தெற்கிலிருந்து இன்னொரு கை நீண்டது. 23ஆம் தேதி இரண்டு கைகளும் டான் நதிக்கரை ஊரான கலாச் அருகே கோர்த்துக்கொண்டன. ஐந்தே நாளில் பவுலஸின் ஜெர்மானிய ஆறாவது ராணுவம் உள்ளே அகப்பட்டுவிட்டது. கடுங்குளிர் அப்போது இன்னும் இறங்கவில்லை.

அந்தக் குளிர் சோவியத் பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. வோல்காவின் மேற்குக் கரையைப் பிடித்துக்கொண்டிருந்த சுய்க்கோவின் 62ஆவது ராணுவத்துக்குச் சோறும் குண்டும் படகில்தான் வரவேண்டும். நவம்பரில் ஆற்றில் பனிப்பாளங்கள் மிதக்கத் தொடங்கியதும் படகுகள் கடக்க முடியாமல் அவர்கள் வாரக்கணக்கில் தவித்தார்கள். டிசம்பர் நடுவில் ஆறு முழுதாக உறைந்து, மேலே லாரி ஓடும் நிலை வந்த பிறகே மூச்சு வந்தது.

ஜெர்மானியர்களை முதலில் உடைத்தது அவர்களுடைய பக்கவாட்டு அரண்கள். ஆறாவது ராணுவத்தின் நல்ல டிவிஷன்கள் எல்லாம் நகருக்குள் தெருத்தெருவாகத் தேய்ந்துகொண்டிருந்தன. இடப்புறம் டான் நதி நெடுக ருமேனிய மூன்றாவது ராணுவம், தெற்கே புல்வெளியில் நான்காவது. ஒரு ருமேனிய டிவிஷன் காக்கவேண்டிய நீளம் சுமார் 20 கிலோமீட்டர். கையில் இருந்ததோ பெரும்பாலும் குதிரை இழுக்கும் 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள். டி-34 டாங்கியின் முன்தகட்டில் பட்டால் அந்தக் குண்டு வழுக்கிக்கொண்டு போகும். செராஃபிமோவிச், கிளெத்ஸ்காயா இரண்டு இடத்திலும் சோவியத் படை நதியின் தென்கரையில் ஏற்கெனவே காலூன்றியிருந்தது. அவர்களை அங்கிருந்து துரத்த உதவி கொடுங்கள் என்று ருமேனியத் தளபதி துமித்ரெஸ்கு முன்பே கேட்டார், கிடைக்கவில்லை. பின்னால் நிறுத்தியிருந்த ஜெர்மானிய டாங்கிப் பிரிவு ஒன்றில், வைக்கோல் மூடிப் பல வாரம் கிடந்த டாங்கிகளின் மின்கம்பிகளை எலிகள் கடித்து வைத்திருந்தன. புறப்படு என்ற உத்தரவு வந்தபோது பாதிக்கு மேற்பட்டவை நகரவில்லை.

எதிர்ப்பக்கத்தில் சோவியத் தளபதிகள் ஷூக்கோவும் வசிலெவ்ஸ்கியும் செப்டம்பரிலிருந்தே இதைத்தான் கணித்து வந்தார்கள். படைகளை இரவில் மட்டும் நகர்த்தினார்கள், ரேடியோவைத் தொடாமல் வாய்மொழியாக உத்தரவு கொடுத்தார்கள், டானின் மேல் போலிப் பாலங்கள் கட்டினார்கள். சுமார் பத்து லட்சம் பேர் பங்கேற்ற ஏற்பாடு இது. அதன் அளவை ஜெர்மானிய உளவுத்துறை கடைசிவரை உணரவில்லை. எல்லாம் பனியின் வேலை என்று சொன்னால் இந்த உழைப்பு மறைந்துபோகிறது. தப்புக்கணக்குப் போட்ட ஜெர்மானியத் தலைமையும் எளிதாகத் தப்பித்துக்கொள்கிறது. போருக்குப் பிறகு ஜெர்மானியத் தளபதிகள் பலர் அந்த விளக்கத்தை விரும்பியதில் எனக்கு வியப்பில்லை.

இனி விமானங்கள். என் பார்வையில் ஆறாவது ராணுவத்தின் முடிவை எழுதியது இந்த ஒரு கணக்குத்தான்.

உள்ளே சிக்கியவர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேல். ஆளுக்கு 200 கிராம் ரொட்டி என்று வைத்தாலே நாளுக்கு 50 டன். அதன்மேல் குண்டுகள், பெட்ரோல், மருந்து, குதிரைத் தீவனம். ராணுவம் முதலில் கேட்டது நாளுக்கு 750 டன், பிறகு 500 ஆகக் குறைத்தது. வெறுமனே உயிரோடு கிடப்பதற்கே 300 வேண்டும். யுங்கர்ஸ்-52 என்ற மூன்று எஞ்சின் சரக்கு விமானம் ஏற்றுவது அதிகபட்சம் 2 டன். ஆக 500 டன்னுக்கு நாள்தோறும் 250 விமானங்கள் உள்ளே இறங்கியாக வேண்டும். அந்தக் குளிரில், திறந்தவெளித் தளத்தில், மூன்றில் ஒரு விமானம் பறக்கும் நிலையில் இருந்தாலே அதிகம். அப்படியானால் கையிருப்பு 700ஐத் தாண்டவேண்டும். அதே நவம்பரில் நேசநாடுகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கிவிட்டதால், ஜெர்மனி தன் சரக்கு விமானங்களில் பெரும்பகுதியை டுனீசியாவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தது. பற்றாக்குறைக்கு ஹைங்கல்-111 குண்டுவீச்சு விமானங்களைச் சரக்கு வண்டியாக்கினார்கள். அவற்றில் ஏறும் எடை இன்னும் குறைவு.

இதற்குள் ஒரு சின்னத் தவறு ஒளிந்திருந்தது. விமானத்திலிருந்து போடும் சரக்குக் குடுவைகளுக்கு 250 கிலோ, 1000 கிலோ என்று பெயர். விமானப்படைத் தலைமையகம் அந்த எண்ணையே பெருக்கிக் கணக்குப் போட்டது. உண்மையில் அது குடுவை மாட்டப்படும் கொக்கியின் பெயர், அதாவது அந்த அளவு குண்டு தொங்கும் இடத்தில் இதைத் தொங்கவிடலாம் என்று பொருள். 1000 கிலோ குடுவைக்குள் போவது அதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானப்படைத் தலைமையகத்தின் தலைமை அதிகாரி யெஷோனெக் இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்குள், விமானப்படையின் தலைவரான கோரிங் ஹிட்லருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். களத்திலிருந்த விமானப்படைத் தளபதிகள் ரிக்ட்ஹோஃபெனும் ஃபீபிக்கும் முடியவே முடியாது என்று முதல் நாளிலிருந்தே எச்சரித்தார்கள். தெம்யான்ஸ்கில் முடிந்ததே என்பதுதான் எதிர்வாதம். அவ்வருடத் தொடக்கத்தில் அங்கே சூழப்பட்ட சுமார் ஒரு லட்சம் பேரை விமானத்தால் காப்பாற்றியது உண்மை. ஆனால் தேவை 300 டன், சோவியத் விமான எதிர்ப்பும் அன்று பலவீனம். ஸ்டாலின்கிராடில் ஆளும் இரண்டரை மடங்கு, எதிர்ப்பும் பலமடங்கு.

நடந்தது என்ன? எழுபது நாளுக்குச் சற்று அதிகமான காலத்தில் மொத்தம் வந்து சேர்ந்தது சுமார் 8,350 டன். சராசரி நாளுக்கு 117. மிக நல்ல நாள் டிசம்பர் 19, அன்று 289 டன். 300ஐ ஒரு நாள்கூடத் தொடவில்லை. அழிந்த விமானங்கள் 488. அதில் 266 யுங்கர்ஸ்-52.

டிசம்பர் 24 காலையில் சோவியத் தளபதி பதானோவின் 24ஆவது டாங்கிக் கோர், தத்சின்ஸ்காயா விமானத் தளத்துக்குள்ளேயே புகுந்தது. சூழப்பட்டிருந்தவர்களுக்குச் சரக்கு புறப்பட்ட முதன்மைத் தளம் அது. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் மூடுபனியில் குண்டுகளுக்கு நடுவே எப்படியோ எழும்பித் தப்பின, பல டஜன் விமானங்கள் தரையிலேயே நொறுங்கின. பதானோவின் ஆட்களும் பெட்ரோல் தீர்ந்து சூழப்பட்டு, பெரும் இழப்போடுதான் வெளியே வந்தார்கள். ஆனால் வேலை முடிந்திருந்தது. இனி விமானங்கள் சால்ஸ்க் போன்ற தொலைத் தளங்களிலிருந்து வரவேண்டும். தூரம் கூடினால் பெட்ரோல் எடை கூடும், சரக்கு எடை குறையும், நாளுக்கு இரண்டு நடை ஒன்றாகும். ஜனவரி 16இல் உள்ளே இருந்த பித்தோம்னிக் ஓடுதளம் போனது. இரவு விளக்கு வசதியுள்ள ஒரே தளம் அதுதான். அடுத்த ஒரு வாரத்துக்குள் கும்ராக்கும் போனது. பிறகு பாராசூட்டில் போட்டவற்றில் பல, பசியில் தளர்ந்தவர்கள் தோண்டி எடுக்க முடியாத ஆழப் பனிக்குள் விழுந்தன.

பெர்லின் ஒப்பீடு நியாயமானதே. 1948 ஜூனிலிருந்து 1949 செப்டம்பர் வரை அங்கே 23 லட்சம் டன் போய்ச்சேர்ந்தது. உச்சநாளான 1949 ஏப்ரல் 16இல் ஏறத்தாழ 1,400 நடைகளில் 12,900 டன்னுக்கு மேல். ஆனால் அமெரிக்கர்களின் சி-54 விமானம் ஏற்றியது சுமார் 10 டன், அதாவது ஒன்று ஐந்து யுங்கர்ஸுக்குச் சமம். கெட்டியான ஓடுதளம், மேகத்துக்குள்ளும் வழிகாட்டி இறக்கும் ரேடார், சில நிமிடத்துக்கு ஒன்றாகத் தவறாமல் வரும் வரிசை எல்லாம் இருந்தன. அனைத்துக்கும் மேலாக, யாரும் சுடவில்லை.

பவுலஸ் வெளியேறியிருந்தால்? நவம்பர் 23, 24 வாக்கில் முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன், கனரகத் தளவாடங்களையும் காயம்பட்டவர்கள் பலரையும் விட்டுவிட்டு. பவுலஸின் கீழிருந்த தளபதி சைட்லிட்ஸ் அதைத்தான் வற்புறுத்தினார், தலைமையகத்தில் தரைப்படைத் தலைமை அதிகாரி ஸைட்ஸ்லரும். ஆனால் ஹிட்லர் ஒருவர்மேல் மட்டும் பழியைப் போட முடியாது. அந்தப் பகுதிப் படைகளுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற தளபதி மான்ஸ்டைனே 24ஆம் தேதி, விமானச் சரக்கு சரியாக வந்தால் மீட்புப்படைக்காகக் காத்திருக்கலாம் என்றுதான் கருத்துச் சொன்னார். மீட்புக்கு வந்த தளபதி ஹோத்தின் டாங்கிகள் டிசம்பர் 19இல் 48 கிலோமீட்டர் தொலைவு வரை வந்துவிட்டன. பவுலஸின் டாங்கிகளிடம் இருந்த பெட்ரோல் சுமார் 30 கிலோமீட்டருக்கு. இங்கேயும் அதே டன் கணக்கு. உள்ளே சிக்கியவர்கள் 90,000 பேருக்கு உள்ளாகவே இருப்பார்கள் என்று சோவியத் தரப்பு நினைத்திருந்ததும் ஒரு வேடிக்கையான உண்மை. அதனால் ஏழு சோவியத் ராணுவங்கள் அங்கேயே கட்டுண்டன, காக்கஸஸிலிருந்து திரும்பும் வழியிலிருந்த ராஸ்தோவ் நோக்கிய பெரிய பாய்ச்சல் சுருங்கியது, காக்கஸஸிலிருந்த ஜெர்மானியப் படைகள் தப்ப வழி கிடைத்தது.

உங்கள் எண்ணில் ஒரு திருத்தம். 91,000 என்பது செத்தவர்கள் அல்ல, கைதானவர்கள். ஜனவரி 31இல் பவுலஸும் பிப்ரவரி 2இல் வடபகுதியில் எஞ்சியவர்களும் சரணடைந்தார்கள். அந்தக் கைதிகளில் 1955க்குள் ஊர் திரும்பியவர்கள் ஐயாயிரம், ஆறாயிரம் பேர். மீதிப் பேரில் பெரும்பாலோர் முதல் சில மாதங்களிலேயே பெக்கெத்தோவ்கா போன்ற முகாம்களில் டைஃபஸ் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தார்கள். அதே பருவத்தில் சோவியத் மக்களுக்கே உணவு போதவில்லை, முகாமில் கிடைத்தது அதைவிடக் குறைவு. ஆனால் அவர்கள் முகாமுக்குள் நுழைந்ததே இரண்டு மாதம் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த உடம்போடு. தினமும் வராமல் போன அந்த 200, 300 டன்னை அந்த உடம்புகள் ஏற்கெனவே கட்டித் தீர்த்திருந்தன. சோவியத் பக்கத்தில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 4,78,741 பேர். ஆகஸ்ட் 23 ஜெர்மானியக் குண்டுவீச்சில் மாண்ட நகரவாசிகள் இந்த எண்ணில் சேரவில்லை.