நாடகப் பள்ளியில் படித்தவர்கள் இப்போது எங்கே? (கேள்வி பதில்)

டெல்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டு படித்தவன் நான். நடிக்கப் போய், கடைசியில் மேடை வடிவமைப்பும் ஒளியமைப்பும் கற்றுக்கொண்டு வந்தேன். அங்கே படித்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எல்லாரும் கடைசியில் சினிமாவுக்குத்தானே போகிறார்கள்? (சேலம் வாசகர்)

போனவர்களின் முகம்தான் உங்களுக்குத் தெரிகிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது. 1973இல் படிப்பை முடித்தவர்கள் என்றதும் நசிருதீன் ஷாவும் ஓம் புரியும் நினைவுக்கு வருவார்கள். அதே காலத்தில் படித்த பன்சி கௌல் போபாலில் குழு அமைத்து, விதூஷகக் கோமாளித்தனத்தையே தன் நாடக மொழியாக்கிக்கொண்டார். அடுத்த ஆண்டு முடித்த ரத்தன் தியம் இம்பாலுக்குத் திரும்பி 1976இல் கோரஸ் ரெபர்ட்டரி என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அந்தக் குழுவினர் நடிப்பதோடு வயலிலும் வேலை செய்தார்கள்.

எங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது பேர் படித்தோம். "இவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று நீங்கள் திரையில் அடையாளம் காணக்கூடியவர்கள் மூவர். மற்றவர்கள் பள்ளிக்கூடங்களில் நாடகம் கற்பிக்கிறார்கள், டப்பிங் பேசுகிறார்கள், குழு நடத்துகிறார்கள்.

மகள் சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். படித்து முடித்து எத்தனை வருடத்தில் காலூன்றுவாள்? (மதுரையிலிருந்து ஒரு தாயார்)

அம்மா, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தி நடிகர் பங்கஜ் திரிபாதி 2004இல் படிப்பை முடித்தார். நாடு அவரைக் கவனித்தது 2012இல். நவாசுதீன் சித்திக்கி முடித்தது 1996, அவருக்கும் 2012தான் திருப்பம். ஒருவருக்கு எட்டு ஆண்டு, இன்னொருவருக்குப் பதினாறு. இவர்கள் ஜெயித்தவர்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இந்தக் கதைகளைப் பத்திரிகைகள் விடாமுயற்சிக்கு உதாரணமாகச் சொல்கின்றன. எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு: அந்த எட்டு ஆண்டும் வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள்? மனைவியின் ஆசிரியர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது என்று திரிபாதியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உங்கள் மகளிடம் திறமை இருக்கிறதா என்பதைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். வாடகைக்கு வழி என்ன என்பதை நீங்கள் இருவரும் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். முக்கியமாக, மேடையைச் சார்ந்த இன்னொரு கைத்தொழிலையும் அவள் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும். ஒப்பனை, உடையலங்காரம், ஒலி, ஒளி, குழந்தைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பது, எதுவானாலும் சரி. எங்கள் வகுப்பில் நாடகத்தோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் அப்படிப்பட்டவர்கள்தான். நடிப்பை மட்டும் நம்பிய நல்ல நடிகர்கள் சிலர் முப்பத்தைந்து வயதில் மேடையை விட்டுப் போய்விட்டார்கள்.

இந்தி தெரியாமல் அங்கே சமாளிக்க முடியுமா? (திருநெல்வேலி மாணவர்)

சமாளிக்கலாம் தம்பி, ஆனால் வலிக்கும். நமக்கு ஒரே 'க'. அவர்களுக்கு நான்கு. முதல் வாரம் விடுதிச் சமையற்கூடத்தில் சாப்பாடு கேட்டேன். "பாட்டா? இந்த நேரத்திலா?" என்றார் சமையற்காரர். சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் என் வாயில் 'கானா' என்ற ஒரே சொல்தான் இருந்தது.

குரல் பயிற்சி ஆசிரியர் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து என் உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். உணவைக் குறிக்கும் 'கானா'வைச் சரியாகச் சொன்னால் முதல் எழுத்தில் மூச்சு வெடித்துக் காகிதம் ஆட வேண்டும். பாட்டைக் குறிக்கும் 'கானா'வுக்கு ஆடக் கூடாது. மூன்று மாதம் சட்டைப்பையில் காகிதத்தோடு அலைந்தேன். என் தமிழ் உச்சரிப்பே அதனால்தான் தெளிவானது என்று இப்போது தோன்றுகிறது.

மொழியால் அங்கே தடுமாறியவர்களில் பெரியவர் மணிப்பூரின் ஹெய்ஸ்னம் கன்ஹையலால். 1968இல் சேர்ந்த அவர் சில மாதங்களிலேயே வெளியேற நேர்ந்தது. ஊர் திரும்பி 1969இல் கலாக்ஷேத்ர மணிப்பூர் என்ற குழுவைத் தொடங்கினார். மனைவி சாபித்ரி முதன்மை நடிகை. வசனத்தை வெகுவாகக் குறைத்து, உடலையும் மூச்சையும் ஒலியையும் கொண்டு நாடகம் செய்தார்கள். அவரை வைத்துக்கொள்ளாத பள்ளியின் மாணவர்கள் பின்னாளில் அவருடைய முறையைப் படித்தார்கள்.

டெல்லிதான் என்றில்லை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநர். கன்னடம் பழகத் தயார் என்றால் கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் நீநாசம் என்ற நாடகப் பள்ளி இருக்கிறது. ஓராண்டுப் படிப்பு. 1985இலிருந்து அவர்களுடைய 'திருகாட்ட' குழு ஆண்டுதோறும் கர்நாடகம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றுகிறது. படித்து முடித்தவர்களுக்கு உடனே மேடை கிடைக்க அதைப் போன்ற ஏற்பாடு வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எனக்கு நடிப்பு வராது. விளக்கு, மேடை அமைப்பு இவற்றில் ஆர்வம். பிழைக்க முடியுமா? (தஞ்சாவூர் பொறியியல் மாணவி)

நான் பிழைத்துக்கொண்டிருக்கிறேனே அம்மா! விளக்குக்கு முன்னால் செருகும் வண்ணத்தாளில் அடர்நீலம்தான் முதலில் போகும். வெப்பத்தை அது விழுங்குகிறது. ஒரு மணி நேர நாடகம் முடிந்து கழற்றினால் நடுவில் வெளிறி, கருகி, கல்லில் ஒட்டிக் கிழிந்த தோசை மாதிரி இருக்கும். புதிய தாள் வாங்கக் காசில்லாத நாட்களில் இரண்டு கிழிந்த நீலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ராத்திரிக் காட்சியை ஒப்பேற்றியிருக்கிறேன். இன்று எல்இடி வந்துவிட்டது, அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கருகும் தாளோடு பழகியவனுக்கு எத்தனை வெளிச்சம் போதும் என்பது கண்ணிலேயே நிற்கும்.

வருமானத்தை மறைக்க மாட்டேன். நாடகத்தில் வருவது பெட்ரோலுக்குச் சரியாகப் போய்விடும். நடன அரங்கேற்றம், கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு, இவைதான் சோறு போடுகின்றன. ஒரு நிறுவனம் பெரிய விழா ஒன்றுக்கு வேலை வாங்கிக்கொண்டு ஒன்றரை வருடம் பணம் தராமல் இழுத்தது. அன்றிலிருந்து பாதித் தொகை கைக்கு வராமல் கம்பத்தில் ஒரு விளக்கைக்கூட ஏற்றுவதில்லை.

தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் யாருமே இல்லையா? (கோவை)

முதலில் சொல்ல வேண்டிய பெயர் பேராசிரியர் சே. இராமானுஜம். டெல்லியில் படித்துத் திரும்பி, காந்திகிராமத்திலும் திருச்சூர் நாடகப் பள்ளியிலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1977இல் காந்திகிராமத்தில் நடந்த பயிலரங்கின் மூலம் நவீன நாடகத்துக்குள் வந்தவர்கள் பலர். 2016இல் மறைந்தார். இன்று தமிழில் நாடகம் கற்பிக்கும் பலர் அவருடைய மாணவர்கள், அல்லது மாணவர்களின் மாணவர்கள்.

என் ஆதங்கம் வேறு. கன்னட நாடக இயக்குநர் பி. வி. காரந்த் டெல்லியில் படித்து, பிறகு அதே பள்ளிக்கு இயக்குநரானார். 1989இல் மைசூரில் ரங்காயணம் என்ற அரசு நாடகக் குழு அமைந்தபோது அதன் தலைமைக்கு வந்தார். நடிகர்களுக்கு அரசு மாதச் சம்பளம். நமக்கு அப்படி ஒன்று அமையவில்லை. திரும்பி வருகிறவன் எங்கே வந்து நிற்பான்?

படித்துவிட்டு நாடகத்தையே விட்டவர்களைப் பற்றிப் பேசவே மாட்டீர்களே? (சென்னை)

பேசுகிறேன். எங்கள் வகுப்பின் மிகச் சிறந்த நடிகன் இன்று பீகாரில் ஒரு சிறு நகரத்தில் அப்பாவின் இரும்புக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். ஒருமுறை போயிருந்தேன். கடைக்குப் பின்னால் நீளமான கிடங்கு. "முக்கால் இஞ்ச், பத்துக் குழாய்!" என்று கல்லாவில் உட்கார்ந்தபடி சொன்னான். கத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து எடுத்த குரல், கிடங்கின் கடைசிச் சுவரில் போய்த் தட்டி நின்றது. பையன் குழாயோடு வந்தான். "ரெபர்ட்டரி நாடகக் குழுவில் சொன்னதைவிட இங்கே தினமும் அதிக வசனம் சொல்கிறேன்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கன்னட இயக்குநர் பிரசன்னா வேறு மாதிரி. நாடகத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஹெக்கோடு பக்கம் 'சரகா' என்ற பெண்கள் கைத்தறிக் கூட்டுறவை உருவாக்கினார். அதை நாடகத்தை விட்டது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பெண்கள்? (கையெழுத்தில்லாத ஒற்றை வார்த்தைக் கடிதம்)

நீலம் மான்சிங் சவுத்ரி சண்டிகரில் தன் குழுவை நடத்தி, பஞ்சாபின் நக்கால் எனும் நாட்டுப்புற நடிகர்களை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் உங்கள் கேள்வி அதுவல்ல என்று நினைக்கிறேன். என்னோடு படித்த பெண்கள் மேடையை விட்டதற்குக் காரணம் பெரும்பாலும் கலையாக இருந்ததில்லை. ஒத்திகை இரவு பத்து மணிக்கு முடியும், குழந்தை எட்டு மணிக்குத் தூங்க வேண்டும். ஒத்திகையைப் பகலில் வைத்த இயக்குநர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். நானும் அதைக் கேட்டதில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

தேர்வுக்குப் போகிறேன். என்ன எடுத்துக்கொண்டு போகட்டும்? (திருச்சி மாணவி)

தரையில் உருள வசதியான பருத்தி உடை. இரண்டு சிறு காட்சிகள், இரண்டும் உங்களுக்கு மனப்பாடம். உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று முழுதாக. நாற்று நடவோ தாலாட்டோ ஒப்பாரியோ, பாட்டியிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போங்கள். இந்தியில் திக்கினால் பரவாயில்லை, அந்தப் பாட்டில் திக்காதீர்கள். காகிதத் துண்டு அங்கேயே கிடைக்கும்.