ஜாமீன் கிடைத்துவிட்டது, ஜாமீன்தாரர்தான் கிடைக்கவில்லை

கேள்வி: என் தம்பிக்குக் கோவையில் கட்டட வேலை. சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். செல்போன் திருட்டு வழக்கில் மாஜிஸ்திரேட் கோர்ட் ஜாமீன் கொடுத்து 18 நாளாகிறது. தலா 25,000 ரூபாய்க்கு உள்ளூர் ஜாமீன்தாரர் இருவர் வேண்டுமாம். ஊரிலிருந்து வந்த மாமாவை, வெளி மாவட்டம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 50,000 ரூபாய்க்கு எங்கே போவது?

பதில்: முதலில் அந்த 50,000 ரூபாய் பயத்தை விடுங்கள். அது இப்போது கட்டுகிற பணமல்ல. தம்பி வாய்தாவுக்கு வராமல் தலைமறைவானால் ஜாமீன்தாரர்களிடம் வசூலிக்கக்கூடிய தொகை. 'ரொக்கமாக டெபாசிட்' என்று உத்தரவிலேயே இருந்தால் மட்டும்தான் பணம். நகல் வாங்கி அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

மாமாவைத் திருப்பி அனுப்பியதுதான் இதில் பெரிய தவறு. 1978-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோத்தி ராம் வழக்கில் இதே கதைதான். அவர் ஒரு கொத்தனார். 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நிற்க வந்த மோத்தி ராமின் சகோதரருக்குச் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அந்த ஜாமீனை மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ண ஐயர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று கேட்டு, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் (ஜாமீன்தாரர் இல்லாமல் கைதானவரே எழுதிக்கொடுப்பது) விடச் சொன்னார். மாநிலம் விட்டு மாநிலத்துக்கே இப்படி என்றால், ஒரே மாநிலத்தில் இருக்கும் கோவைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே என்ன தடை?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் 8-வது திருத்தம் அதீத ஜாமீன், அதீத அபராதம், கொடூரத் தண்டனை மூன்றையும் வெளிப்படையாகவே தடுக்கிறது. நம் சாசனத்தில் அப்படியொரு வரி கிடையாது. அந்த வேலையை, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21-வது பிரிவு செய்கிறது. ஜாமீனைப் பொறுத்தவரை, பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 484-வது பிரிவிலேயே தொகை அதீதமாக இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது (பழைய சட்டத்தில் 440).

எனவே ஜாமீன் கொடுத்த அதே மாஜிஸ்திரேட்டிடம் நிபந்தனையைத் தளர்த்த மனு போடுங்கள். 'ஏழை' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. தினக்கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் வேலை, வீட்டில் எத்தனை பேர், ஜாமீன் கிடைத்த தேதி, மாமாவை என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று எழுதி, உத்தரவு நகல், ரேஷன் கார்டு, மேஸ்திரியின் கடிதம் சேருங்கள். கேட்பதையும் தெளிவாகக் கேளுங்கள்: சொந்தப் பிணை, இல்லையென்றால் வெளி மாவட்டத்து ஜாமீன்தாரர் ஒருவர். அங்கே நடக்காவிட்டால் செஷன்ஸ் கோர்ட். மாஜிஸ்திரேட் வைத்த தொகையைக் குறைக்க 484(2) அதற்கு அதிகாரம் தருகிறது. ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் தர முடியாதவரை ஏழையாகக் கருதி விட வேண்டும் என்ற 478-வது பிரிவை இங்கே காட்டாதீர்கள். அது ஜாமீனில் விடத்தக்க குற்றங்களுக்கு மட்டும். 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் என்றால் தவிர, திருட்டு அதில் வராது.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். ஜாமீன் கிடைத்து 7 நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் அந்த ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 31.01.2023 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. தெரிவித்தார்களா என்று நேரில் கேளுங்கள். ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியவில்லையென்றால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டே தானாக எடுத்துப் பார்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அந்த ஒரு மாதம் முடிய உங்களுக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. அதற்காகக் காத்திருக்காமல் இன்றே மனு போடுங்கள்.

கோர்ட் வாசலில் 'ஜாமீன்தாரர் நான் ஏற்பாடு பண்றேன்' என்று பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றேன் என்று ஜாமீன்தாரர் எழுதித்தர வேண்டும் (பிரிவு 486). அவரது வீட்டு வரி ரசீது போலி என்று தெரிந்தால் புது வழக்கு வரும், தம்பியின் ஜாமீனும் போகும்.

இன்னொன்று. தம்பி மேல் வேறு வழக்கில் பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காகக் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) நிலுவையில் இருக்கிறதா என்று சிறையில் விசாரித்துவிடுங்கள். இருந்தால், இந்த வழக்கில் பிணை கொடுத்த பிறகும் வெளியே விடமாட்டார்கள். அதற்குத் தனியாக ஜாமீன் வாங்க வேண்டும்.