கேளுங்க டீச்சர்: பயிற்சிக்குப் போயிட்டு வந்தாச்சு, பிள்ளை இன்னும் வாசிக்கலையே?

போன இதழ்ல தொடக்கப்பள்ளி டீச்சர்களுக்கு நடக்குற வாசிப்புப் பயிற்சி பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்து குவிஞ்சதுல அஞ்சு மட்டும் இங்க. நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஆசிரியர் பயிற்றுநரா இருந்தவன், அதனால ரெண்டு பக்கத்து கோபமும் எனக்குப் பழக்கம்.

எண்ணும் எழுத்தும்ங்கிற தமிழக அரசோட வாசிப்பு, கணக்குத் திட்டம் வந்ததுல இருந்து பயிற்சி பயிற்சின்னு போய்க்கிட்டே இருக்கோம் சார். பாட்டு, ஆட்டம், அட்டை எல்லாம் சொல்லித் தராங்க. திரும்பி வந்தா மூணாம் வகுப்புல சில பிள்ளைங்களுக்கு இன்னும் கெ, கொ வித்தியாசம் தெரியல. இந்தப் பயிற்சியால உண்மையிலேயே பிரயோஜனம் இருக்கா?
ஒரு இடைநிலை ஆசிரியை, தேனி மாவட்டம்

இருக்கு டீச்சர், ஆனா பயிற்சி ஹால்ல உட்கார்ந்துட்டு வர்றதால மட்டும் கிடைக்காது.

2022 ஜூன்ல திட்டம் தொடங்கினப்ப சொன்ன இலக்கு, 2025க்குள்ள எட்டு வயசுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைங்களும் புரிஞ்சு வாசிக்கணும், அடிப்படைக் கணக்கு போடணும்ங்கிறது. கொரோனால பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த கொடுமைக்கு அப்புறம் அது தேவையான இலக்குதான், பிள்ளை எந்த வகுப்புங்கிறதை விட எந்த நிலையில இருக்குன்னு பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு சொல்லிக் கொடுக்குறதும் நல்ல யோசனைதான். சிக்கல் எங்கன்னா பயிற்சி வந்து சேருற வழியில. மாநிலத்துல கருத்தாளர்களுக்கு, அதாவது பயிற்சி நடத்துறவங்களுக்கு நடக்கும், அவங்க மாவட்டத்துல நடத்துவாங்க, அங்க கத்துக்கிட்டவங்க வட்டார வள மையத்துல உங்களுக்கு நடத்துவாங்க. இப்படி ஒவ்வொரு படி இறங்குறப்பவும் 'என்ன செய்யணும்'ங்கிறது பத்திரமா வந்துடுது, 'ஏன் செய்யணும்'ங்கிறது வழியிலயே கொட்டிப்போகுது. பாட்டைக் கடத்துறது சுலபம் பாருங்க, அதான் உங்க கைக்குப் பாட்டு வந்து சேர்ந்திருக்கு.

உங்க கெ, கொ விஷயத்தையே எடுத்துப்போம். கா, கி, கீ எல்லாம் எழுத்தை ஒட்டி வலப்பக்கமா வர்ற குறி, கண்ணு போற திசையிலயே வாயும் போகும். ஆனா கெ, கே, கைல குறி முன்னாடி வந்து நிக்குது, அந்தக் குறியோட சத்தமோ க்-குக்குப் பின்னாடிதான் வருது. கொ, கோ, கௌல ரெண்டு பக்கமும் குறி. பன்னிரண்டு உயிர்ல ஆறுக்கு இப்படித்தான், அதாவது பாதி வரிசையில பிள்ளை பார்க்குற வரிசை வேற, சொல்ற வரிசை வேற. கொ-வைப் பார்த்து கெ-ன்னு சொல்ற பிள்ளை மக்கு இல்ல, இடப்பக்கம் இருந்து ஒழுங்கா வாசிச்சுக்கிட்டு வந்து பாதியில நின்னுடுச்சு, அவ்ளோதான். இது தெரிஞ்ச டீச்சர் நெட்டை நெட்டையா சார்ட் ஒட்ட மாட்டாங்க, கெ-வும் கொ-வும் பக்கத்துல வச்சு, கடைசிக் குறிக்குப் போற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு பழக்குவாங்க.

இன்னொண்ணு. புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980கள்லயே இதைத்தான் சொன்னாங்க, விளக்கிச் சொல்றது, செஞ்சு காட்டுறது, ஹால்லயே செஞ்சு பார்க்க வைக்கிறது எல்லாம் இருந்தும் வகுப்பறைக்குள்ள போய் சேர்றது கொஞ்சம்தான், வகுப்புக்கே வந்து கூட நின்னு உதவ ஒரு ஆள் இருந்தாதான் புது முறை நிக்கும்னு. நம்ம ஊர்ல அந்த ஆள் ஆசிரியர் பயிற்றுநர். அவர் வந்தா ரெஜிஸ்டரைப் பார்ப்பார், எமிஸ்ல (பள்ளி விவரம் ஏத்துற அரசாங்க இணையதளம்) ஏத்தியாச்சான்னு கேட்பார், ஒரு டீயைக் குடிச்சுட்டு கிளம்பிடுவார் (அவர் மேலயும் ஆயிரம் வேலை சுமத்தியிருக்கு, அதையும் சொல்லணும்). அடுத்த தடவை வந்தா தயங்காம, 'சார், இந்த நாலு பிள்ளைங்களோட அரை மணி நேரம் உட்காருங்க, நான் பார்க்குறேன்'னு கேளுங்க. நல்லவரா இருந்தா சந்தோஷப்படுவார்.

எங்க பள்ளியில பிள்ளைங்க பாடத்தைக் கடகடன்னு வாசிக்கிறாங்க, பார்க்க வர்றவங்க பாராட்டிட்டுப் போறாங்க. ஆனா வேற ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தா முழிக்கிறாங்க. ஏன்?
தலைமை ஆசிரியர், விழுப்புரம் பக்கம்

அது வாசிப்பு இல்லைங்க சார், ஒப்பிப்பு. க கா கி கீன்னு 216 உயிர்மெய்யையும் ராகம் போட்டு சொல்ற பிள்ளைகிட்ட நடுவுல ஒரு 'நூ'வைத் தொட்டுக் காட்டுங்க, மனசுக்குள்ள ந, நா, நி, நீன்னு முதல்ல இருந்து ஓடி வந்து அப்புறம்தான் சொல்லும். அர்த்தமே இல்லாத சொல்லா எழுதிப் போடுங்க, பெமி, தொகா, நூசை இந்த மாதிரி. இதை எந்தப் பிள்ளையும் மனப்பாடம் பண்ணியிருக்க முடியாதுல்ல, யார் எழுத்தைப் பார்த்து வாசிக்கிறா, யார் ஞாபகத்துல இருந்து சொல்றான்னு அஞ்சு நிமிஷத்துல வெட்ட வெளிச்சமாயிடும்.

கூடவே ஒரு விஷயம், இதைப் பயிற்சியில யாரும் பேசி நான் அதிகம் கேட்டதில்ல. கல், பகல், தங்கம் மூணுலயும் ஒரே க-தான், சத்தம் மட்டும் வேற வேற. பிள்ளை 'பகல்'ல வர்ற க-வைக் கல்லுல வர்ற மாதிரி அழுத்தி வாசிச்சா உடனே தப்புன்னு கத்தாதீங்க. அது எழுத்தைச் சரியா படிச்சிருக்கு, அந்தச் சொல்லைத் தனக்குத் தெரிஞ்ச சொல்லோட இன்னும் சேர்க்கல. 'பகல்னா என்னடா, ராத்திரிக்கு எதிர்ப்பதம்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தானா திருத்திக்கும்.

திருப்பூர்ல எங்க வகுப்புல ஒடிசா, பீகார் பிள்ளைங்க நிறைய. கொடிக்கும் கோடிக்கும் வித்தியாசம் இல்லாமதான் வாசிக்கிறாங்க, எத்தனை தடவை சொன்னாலும் ஏறல.
ஒரு ஆசிரியை

ஏறாதும்மா, ஏன்னா அது கண்ணோட பிரச்சனை இல்ல, காது. இந்தியில எ ஏ, ஒ ஓன்னு குறில் நெடில் ஜோடியே கிடையாது, வீட்டுல கேட்டே பழகாத சத்தத்தை எழுத்துல மட்டும் பிரிச்சு காட்டினா அது எப்படிப் பிடிபடும்? நோட்டை மூடி வச்சுட்டு காதுக்குப் பழக்குங்க. நீங்க கொடி சொன்னா உட்காரணும், கோடி சொன்னா நிக்கணும். எடு, ஏடு. பெட்டி, பேட்டி. தினம் கொஞ்ச நேரம், விளையாட்டா. காது பிரிக்க ஆரம்பிச்ச அப்புறம் எழுத்துக்கு வாங்க. ஆனா ஒரு நல்ல சேதி, ஊர்ல ஏற்கனவே இந்தி வாசிக்கக் கத்துக்கிட்டு வந்த பிள்ளைக்கு குறி இடப்பக்கம் நிக்கிறது புதுசு இல்ல, அவங்க 'கி'லயே குறி முன்னாடிதான் வரும். முதல் பதில்ல நான் சொன்ன தொல்லை அந்தப் பிள்ளைக்குக் கம்மியா இருக்கலாம். அதுல நம்ம பிள்ளைங்களுக்கு அவங்களையே சொல்லிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்களேன்.

அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலம் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தே வாசிப்புல மேல வந்துடுச்சுன்னு படிச்சேன். உண்மையா? நாமளும் அதே கோர்ஸை எடுத்துட்டு வரலாமே?
பி.எட். மாணவர், மதுரை

பாதி உண்மை தம்பி. 2013ல நாலாம் வகுப்பு வாசிப்புல அங்க 50 மாநிலத்துல 49வது இடம், 2024ல 9வது. நடுவுல 'லெட்டர்ஸ்'ங்கிற நீளமான பயிற்சியை ஆயிரக்கணக்கான டீச்சர்கள் படிச்சாங்க, சத்தம் எப்படி எழுத்தாகுதுங்கிறதுல இருந்து ஆரம்பிக்கிற பயிற்சி அது. ஆனா அதோட நிக்கல. பின்தங்கின பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அரசாங்கமே அனுப்பி வகுப்புக்குள்ளயே நிக்க வச்சுது. மூணாம் வகுப்பு முடிவுல வாசிக்க முடியாத பிள்ளையை அதே வகுப்புல நிறுத்தி வைக்கிற சட்டமும் 2013லயே வந்துச்சு, அதனாலதான் நாலாம் வகுப்பு மார்க் ஏறிச்சுன்னு சொல்ற விமர்சகர்களும் இருக்காங்க, நிறுத்தி வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. நாம எடுத்துக்க வேண்டியது வகுப்புக்குள்ள வர்ற அந்த ஆளைத்தான். கோர்ஸை அப்படியே எடுத்துட்டு வந்து என்ன பண்ண, அது இங்கிலீஷ் ஸ்பெல்லிங் பண்ற அக்கிரமத்துக்காக எழுதினது. தமிழ் வாசிப்புக்கு, குறி எந்தப் பக்கம் நிக்குது, டு-வுக்கும் து-வுக்கும் நூ-வுக்கும் குறி ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி, பேசுற 'வந்துச்சு' புத்தகத்துல 'வந்தது'ன்னு நிக்கிறப்ப பிள்ளை என்ன பண்ணும், இப்படி நம்ம சிக்கல்கள்ல இருந்து ஒரு பாடத்திட்டம் வேணும். நீங்க பி.எட். முடிச்சு டயட் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம்) பக்கம் போனீங்கன்னா எழுதுங்க.

ஈராசிரியர் பள்ளி. அஞ்சு வகுப்பு, ரெண்டு பேர், அதுல ஒருத்தர் பாதி நாள் ஆபீஸ் வேலை. ஒவ்வொரு பிள்ளையா உட்கார வச்சு வாசிக்கக் கேளுன்னு பயிற்சியில சுலபமா சொல்லிடறாங்க. எங்க நேரம்?
ஒரு ஆசிரியர், தர்மபுரி மாவட்டம்

எல்லாரையும் ஒரே நாள்ல கேட்கணும்னு யார் சொன்னா சார்? ஒரு நாளைக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு நிமிஷம், மத்தவங்க எழுதிக்கிட்டு இருக்குற நேரத்துல உங்க டேபிள்கிட்டயே. பாடப்புத்தகம் வேண்டாம், அது ஒப்பிச்சுடும், பார்க்காத ஒரு பத்தி. மார்க் போடாதீங்க, கிரேடும் வேண்டாம், எந்த எழுத்துல தடுக்குச்சுன்னு மட்டும் பேருக்கு நேரா குறிச்சுக்கோங்க. ரெண்டு வாரத்துல அந்த நோட்டுல ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும், அடுத்த வாரப் பாடம் அதுதான், தனியா யோசிக்கவே வேண்டாம். அப்புறம் அந்த நோட்டை, பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் எல்லாம் கூடுற குறுவள மையக் கூட்டத்துக்கு எடுத்துட்டுப் போங்க. பி.பி.டி. ஓடி முடிஞ்சு 'ஏதாவது சந்தேகம் இருக்கா'ன்னு கேட்பாங்கல்ல, எல்லாரும் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பையைத் தூக்குற அந்த நேரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, ஆரம்பத்துலயே நோட்டை எடுத்து வச்சு, 'எங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேர் இந்த எழுத்துலதான் தடுக்குறாங்க, உங்க ஊர்ல எப்படி?'ன்னு பக்கத்துப் பள்ளி டீச்சர்களைக் கேளுங்க. கருத்தாளர் கோவிச்சுக்கிட்டா அடுத்த இதழுக்கு எழுதுங்க, பதில் சொல்றேன்.