க்வென்ஹ்லியன்னு ஒரு பேரு – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் வேல்ஸ்ல ஸ்வான்ஸீல இருக்கேன், ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை, வந்து மூணு வருஷம் ஆகுது. என் பொண்ணு யாழினிக்கு கிளாஸ்ல ரொம்ப க்ளோஸான ஃப்ரெண்டு ஒருத்தி, பேரு க்வென்லியன். இந்தப் பேரை நான் வேற எங்கயும் கேட்டதே இல்ல. நெட்ல தேடினா 'வெள்ளை லினன் துணி'ன்னு அர்த்தம் போட்டிருக்கு, துணியையா பொண்ணுக்குப் பேரா வைப்பாங்க? பழைய பேரா, இல்ல இப்ப ஃபேஷனா வர்றதா? அவங்க அம்மாகிட்டயே கேட்டிருக்கலாம், ஆனா பேரையே நான் தப்பா சொல்றேன்னு தோணுது, அதனால ஒரு கூச்சம். என்கூட வேலை செய்யற இங்கிலாந்துக்காரங்க பாதிலயே நிறுத்தி 'க்வென்'னு கூப்பிட்டுடறாங்க. நீங்க பேருங்க பத்தி அடிக்கடி எழுதறதால கேக்கறேன்.

எஸ்., ஸ்வான்ஸீ

அன்புள்ள எஸ்.,

கூச்சத்தை விட்டுட்டு அந்த அம்மாகிட்ட கேளுங்க, ரொம்ப சந்தோஷப்படுவாங்க. நம்ம வீட்டுப் பொண்ணோட பேர்ல இருக்கற ழ-வை ஒரு வெளியூர்க்காரர் 'ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க'ன்னு கேட்டா நமக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அவங்களுக்கும். யாழினியை அங்க எத்தனை பேர் யாலினின்னும் யாஸினின்னும் கூப்பிடறாங்கன்னு உங்களுக்குத் தெரியாததா.

அந்தப் பேர்ல நடுவுல ரெண்டு எல் எழுதறாங்க இல்லையா, அது ல-வும் இல்ல ள-வும் இல்ல, வெல்ஷ்காரங்களுக்கு அது தனி எழுத்து. நாக்கு நுனியை ல சொல்றதுக்கு வைக்கற மாதிரி மேல்பல்லுக்குப் பின்னாடி வைங்க, வச்சுட்டு குரலே எழுப்பாம வெறும் காத்தை மட்டும் நாக்கோட பக்கவாட்டுல ஊதுங்க, ஒரு சீறல் மாதிரி வரும், அதுதான். ரயில்ல லனெல்லின்னு ஒரு ஊர் போர்டு பாத்திருப்பீங்க, அந்த ஒரே பேர்ல இந்தச் சத்தம் ரெண்டு தடவை வருது, அதுல பழகலாம். தமிழ்ல எழுத்து இல்ல, அதனால நான் 'ஹ்லி'ன்னு எழுதறேன், க்வென்ஹ்லியன். இங்கிலீஷ்காரங்களுக்கும் இது காலங்காலமா வராத சத்தம்தான். நரைச்ச நிறத்தைச் சொல்ற ஒரு வெல்ஷ் வார்த்தை ஒரு பக்கம் லாய்டு ஆச்சு, இன்னொரு பக்கம் ஃப்ளாய்டு ஆச்சு, ரெண்டும் ஒரே பேருதான்.

இப்ப அர்த்தம். 'க்வின்'னா வெள்ளை, பெண்பால்ல வந்தா 'க்வென்'. வெறும் நிறம் மட்டும் இல்ல, அழகு, தூய்மை, ஆசி பெற்றதுன்னு எல்லாமே அந்த வார்த்தைக்குள்ள இருக்கு, நம்ம 'வெண்'மைல கொஞ்சம் அப்படி இருக்கற மாதிரி. ப்ரான்வென், ஓல்வென்னு பல பேர்ல இது வரும். ஆர்தர் ராஜா கதையில வர்ற ராணி க்வென்ஹ்விவரும் இதே வேர்தான், அந்தப் பேரு இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில இருக்கற கார்ன்வால் பக்கம் போய் ஜெனிஃபர்னு ஆகி, அமெரிக்காவுல 1970லேர்ந்து 1984 வரைக்கும் வருஷா வருஷம் பொம்பளப் புள்ளைங்களுக்கு அதிகமா வச்ச பேரா இருந்துச்சு. நம்ம தூத்துக்குடி நாகர்கோவில் பக்கம் இருக்கற ஜெனிஃபர்கள் எல்லாம் ஒரு வகையில உங்க பொண்ணோட ஃப்ரெண்டுக்கு பேரால சொந்தக்காரங்க.

பின்பாதிக்கு ரெண்டு விளக்கம் சொல்றாங்க. ஒண்ணு நீங்க பாத்த துணி, 'ஹ்லியைன்', இன்னைக்கும் வெல்ஷ்ல மேஜை விரிப்புக்கு அந்த வார்த்தைதான். இன்னொண்ணு 'ஹ்லியன்ட்', அப்படின்னா வெள்ளம், நீரோட்டம். எனக்கு வெண்ணீரோட்டம்தான் பிடிச்சிருக்கு. அதுக்காக துணியை லேசா நினைக்காதீங்க, ஆளிச்செடித் தண்டைத் தண்ணில ஊறப்போட்டு அடிச்சு நூத்து நெய்ஞ்சு வெளுத்து எடுக்கற வெள்ளைத் துணி அந்தக் காலத்துல வீட்டுல இருக்கற விலை உயர்ந்த சாமான்.

பழைய பேரான்னு கேட்டீங்க, ரொம்பப் பழசு. நீங்க இருக்கற இடத்துலேர்ந்து நேரா ரயில்ல போற தூரத்துல கிட்வெல்லின்னு ஒரு ஊரு, பெரிய கோட்டை இருக்கு. 1136ல, பிரான்ஸ்லேர்ந்து வந்து இங்கிலாந்தைப் பிடிச்சிருந்த நார்மன்காரங்களுக்கு எதிரா அங்க படையை நடத்திட்டு வந்தவ பேரு க்வென்ஹ்லியன், வடக்குல க்வினெத் ராஜா மகள், தெற்குல கல்யாணம் பண்ணிக் கொடுத்திருந்தாங்க. புருஷன் உதவி கேட்டு மாமனார் நாட்டுக்குப் போயிருந்த நேரம், இவளே பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு களத்துக்கு வந்தா. தோத்தா, கொல்லப்பட்டா. அந்த வயக்காட்டுக்கு இன்னைக்கும் 'மைஸ் க்வென்ஹ்லியன்', க்வென்ஹ்லியன் களம்னுதான் பேரு. அவளோட கடைசிப் பையன் ரீஸுக்கு அப்ப நாலு வயசு இருக்கும், அவன் வளந்து தெற்கு வேல்ஸையே ஆண்டான், 1176ல கார்டிகன்ல அவன் கூட்டின புலவர் போட்டியைத்தான் முதல் ஐஸ்டெத்வோட், அதாவது வெல்ஷ்காரங்களோட கவிதை, பாட்டு விழான்னு சொல்றாங்க. அந்த ரீஸ் தன் மகளுக்கு வச்ச பேரு க்வென்ஹ்லியன். நாம பேத்தின்னு சொல்றது பெயர்த்திங்கற வார்த்தைலேர்ந்து வந்ததுதானே, பாட்டி பேரைச் சுமக்கறவ. அம்மா முகமே சரியா ஞாபகம் இருந்திருக்காத ஒருத்தன் அவ பேரை வாய் நிறைய கூப்பிடறதுக்கு வழி பண்ணிக்கிட்டான்னு நான் நினைச்சுக்கறேன். அந்தப் பெயர்த்தியோட வம்சத்துலதான் 1485ல இங்கிலாந்து அரியணை ஏறின ஏழாம் ஹென்றியே வர்றார்.

ஆனா இந்தப் பேரை இன்னைக்கு வைக்கற நிறைய பேர் மனசுல இருக்கறது வேற ஒருத்தி. 1282 ஜூன்ல வடக்கு வேல்ஸ்ல கடலோரம் அபெர்க்வின்க்ரெகின்ங்கற ஊர்ல பிறந்தா, பிரசவத்துலயே அம்மா எலினோர் செத்துப்போனாங்க. அப்பா ஹ்லிவெலின், வேல்ஸோட இளவரசர், அதே வருஷம் டிசம்பர் 11 கில்மெரி பக்கத்துல கொல்லப்பட்டார். கைக்குழந்தையா இருந்தவளை முதலாம் எட்வர்ட் ராஜா இங்கிலாந்தோட அந்தப் பக்கம் லிங்கன்ஷையர்ல செம்ப்ரிங்ஹாம் கன்னிமாடத்துக்கு அனுப்பிட்டார். இத்தனைக்கும் அந்தக் குழந்தையோட அம்மாவும் எட்வர்டும் ஒண்ணுவிட்ட அண்ணன் தங்கச்சி முறை. அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு புள்ள பிறந்தா வேல்ஸ் எங்களுதுன்னு வந்து நிக்கும், அதான் பயம். 1301ல எட்வர்ட் தன் மகனுக்கே வேல்ஸ் இளவரசர்னு பட்டம் கட்டினார். இவ 1337ல சாகற வரைக்கும், 54 வருஷம், அங்கயேதான்.

எனக்கு இதுல தாங்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த மடத்துல அவ பேரை 'வென்ட்லியன்'னு எழுதி வச்சிருக்காங்க. முன்னாடி இருக்கற க போச்சு, நடுவுல இருக்கற சத்தம் வேற ஏதோ ஆச்சு. சுத்தி இருந்த யாருக்கும் வெல்ஷ் தெரியாது, அவளுக்கும் கத்துக்கொடுக்க ஆள் இருந்திருக்காது. தன் பேரு சரியா எப்படி ஒலிக்கும்னே தெரியாம ஒரு மனுஷி 54 வருஷம் இருந்திருக்கா, அதை நினைச்சா அந்தக் கன்னிமாடத்துச் சுவரை விட இது எனக்குப் பெரிய சிறையா படுது. மத்தவங்களுக்கு வாயில வரலைன்னு பேரைப் பாதியா வெட்டிக் கூப்பிடறதை நான் சாதாரணமா எடுத்துக்காததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அவ பிறந்த ஊருக்கு மேல கார்னெத்தைன்னு மலைத்தொடர். அதுல 1064 மீட்டர்ல கார்னெத் ஹ்லிவெலின், 1044 மீட்டர்ல கார்னெத் டாவித், அப்பா பேரும் சித்தப்பா பேரும். அம்மா எலினோரை ஞாபகப்படுத்தற மாதிரி யர் எலென்னு ஒரு சிகரமும் இருக்கு. பொண்ணுக்குத்தான் இடம் இல்லாம இருந்துச்சு. 2009 செப்டம்பர்ல 926 மீட்டர் உயரத்துல இருக்கற கார்னெத் இகாவ்ங்கற சிகரத்துக்கு கார்னெத் க்வென்ஹ்லியன்னு பேரு மாத்தினாங்க. குடும்பமே இப்ப ஒரே மலைல இருக்கு.

இப்ப எவ்வளவு பேரு வைக்கறாங்கங்கறதுக்கு வர்றேன். இடைக்கால வேல்ஸ்ல இது அபூர்வமான பேரே இல்ல, வரி கோர்ட்டு ஏடுகள்ல வென்ஹ்லியன்னும் வென்த்லியன்னும் சாதாரண ஜனங்க பேராவே நிறைய வருது. நம்ம இனிஷியல் மாதிரி அவங்களும் அப்பா பேரைத்தான் சேத்துச் சொல்லுவாங்க, க்வென்ஹ்லியன் வெர்க் ஹ்லிவெலின், ஹ்லிவெலின் மகள் க்வென்ஹ்லியன்னு. 1536ல சட்டம் போட்டு வேல்ஸை இங்கிலாந்தோட இணைச்சு கோர்ட்டு ஆபீஸ் எல்லாம் இங்கிலீஷ் ஆனதும் மேரி, ஆன், எலிசபெத், மார்கரெட்னு பேருங்க உள்ள வந்து இது ஒதுங்கிப் போச்சு, ஆனா அடியோட சாகல. ப்ரெக்கன் ஊர்ல 1910ல மேயர் ஆன க்வென்ஹ்லியன் மார்கன், வேல்ஸோட முதல் பெண் மேயர், அவங்க பிறந்தது 1852. போன நூற்றாண்டுல மொழிக்காக ஜனங்க எழுந்தப்ப இந்தப் பேரும் கூடவே எழுந்துச்சு. இன்னைக்கும் வேல்ஸைத் தாண்டினா பாக்கறது கஷ்டம், அதுக்குக் காரணம் பேரு இல்ல, அந்த ஒரு சத்தம்தான். அதனால இதை ஃபேஷன்னு என்னால சொல்ல முடியல, புள்ளைக்கு இந்தப் பேரை வைக்கற வீட்டுல வெல்ஷ் பேசறாங்கன்னோ பேசணும்னு ஆசைப்படறாங்கன்னோ எடுத்துக்கலாம்.

ஒரு லீவு நாள்ல ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு கிட்வெல்லி போயிட்டு வாங்களேன். கோட்டை வாசல்ல முதல் க்வென்ஹ்லியனுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கு. அதுல இருக்கற பேரை அந்தக் குட்டியே யாழினிக்கு வாசிச்சுக் காட்டட்டும், நீங்களும் பக்கத்துல நின்னு கூடவே சொல்லிப் பாருங்க. போட்டோ எடுத்தா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.

அன்புடன்.